கிணற்றில் எண்ணெய் வாடை: கம்பி இறக்கிப் பார்த்தால் தெரியுமா?

கேள்வி இதுதான். குளச்சலை அடுத்த கடலோர ஊரில் வீடு, மூன்று தலைமுறை குடித்த கிணறு. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை வலுத்து ஓய்ந்த பிறகு தண்ணீரில் எண்ணெய் வாடை அடிக்கிறது. மேலே வானவில் நிறத்தில் மெல்லிய படலம். வடக்கே நூறு மீட்டருக்குள் மூடிப்போன ஒரு பெட்ரோல் பங்க், கிழக்கே ஒரு என்ஜின் பட்டறை. “தோண்டவே வேண்டாம், மண்ணுக்குள் ஒரு கம்பியை இறக்கினால் கெமிக்கல் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டரிலேயே காட்டிவிடும்” என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். உண்மையா, நம் மாவட்டத்து மண்ணில் நடக்குமா, செலவுக்குத் தகுமா?

கம்பி இறக்குவது உண்மை, கம்ப்யூட்டரில் கோடு வருவதும் உண்மை. அந்தக் கோட்டைப் பார்த்து “பென்சீன், லிட்டருக்கு இவ்வளவு” என்று யாராவது படித்துச் சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். அது ஒரு நல்ல மூக்கு, அவ்வளவுதான். நான் தக்கலைக்காரன். வளைகுடாவில் ஒன்பது வருடம் இந்தக் கருவி ஏற்றிய வண்டியோடு வெயிலில் அலைந்தவன். உங்கள் ஊரில் இந்தக் கம்பி இறங்கும்; என் வீட்டு முற்றத்தில் இறங்காது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன் காசு செலவில்லாத ஒரு சோதனை. கிணற்றுத் தண்ணீரை வாளியில் எடுத்து அசையாமல் வைத்து, மேலே படலம் சேர்ந்ததும் ஒரு ஈர்க்கிலால் கீறிப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் அது இரும்புப் பாக்டீரியா செய்த வேலை. நம் செம்மண் பூமியில் சகஜம். கீறல் மூடிக்கொண்டு படலம் மறுபடி ஒன்றாகச் சேர்ந்தால் எண்ணெய். வாடையும் இருப்பதால் உங்களுடையது இரண்டாவது வகையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் இன்றே குடிப்பதையும் சமைப்பதையும் நிறுத்துங்கள். கிணற்றைச் சுத்தம் செய்கிறேன் என்று யாரையும் உள்ளே இறக்காதீர்கள். சூடம் கொளுத்தியோ விளக்கை இறக்கியோ பார்க்கும் பழக்கமும் இந்தக் கிணற்றில் வேண்டாம்.

கொஞ்சம் எண்ணெய்தானே என்று தோன்றலாம். இன்று விற்கும் பெட்ரோலில், புற்றுநோய் தரும் பென்சீன் நூற்றுக்கு ஒரு பங்கு வரை இருக்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் 10 மில்லி என்று வையுங்கள், எடையில் ஏறக்குறைய 8.8 கிராம். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் பென்சீன் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கணக்குப் போட்டால் ஒரு லிட்டர் பெட்ரோல் எட்டரை லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோகும். உண்மையில் கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்னும். ஆனாலும் ஒரு சின்னக் கசிவு வருடக் கணக்கில் ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கணக்கு போதும். சென்னை தண்டையார்பேட்டையில் 2013ல் வீட்டுப் போர்வெல்களில் தண்ணீரோடு எண்ணெய் வந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். பூமிக்கடியில் போன குழாயின் கசிவு அது.

சரி, கம்பிக்கு வருவோம். தொழிலில் இதை டைரக்ட் புஷ் என்பார்கள். போர்வெல் வண்டி பாறையை அரைத்துப் புழுதியாக வெளியே தள்ளும். இதில் ஒன்றும் வெளியே வராது. ஒன்றரை அங்குலம் போலத் தடிமன் உள்ள எஃகு ராடை ஹைட்ராலிக் அழுத்தத்தாலும் தலையில் அடிக்கும் சுத்தியலாலும் இறக்குவார்கள், மண் விலகி வழிவிடும். ஒரு ராடு இறங்கியதும் அடுத்ததைத் திருகிச் சேர்ப்பார்கள். 1930களில் ஹாலந்தில் இளகிய மண்ணின் பலம் பார்க்க இறக்கிய கூம்புதான் இதற்கெல்லாம் மூதாதை. கான்சாஸில் 1987ல் தொடங்கிய ஜியோபுரோப் நிறுவனத்தின் பெயர் இந்தத் தொழிலில் ஜெராக்ஸ் மாதிரி ஆகிவிட்டது. எந்த வண்டி வந்தாலும் “ஜியோபுரோப் வந்திருக்கு” என்றுதான் நாங்கள் சொல்வோம்.

விஷயமெல்லாம் ராடின் நுனியில் என்ன பொருத்தியிருக்கிறது என்பதில்தான். பெட்ரோல், பெயிண்ட் தின்னர், கிரீஸ் கழுவும் கரைப்பான் என்று எளிதில் ஆவியாகும் சரக்கைத் தேட எம்ஐபி என்ற புரோப் (நுனியில் பொருத்தும் உணர்கருவி) உண்டு. அதன் பக்கவாட்டில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சவ்வு, அதைச் சுற்றி ஏறக்குறைய 120 டிகிரி வரை சூடாகும் ஒரு கட்டை. சூடு பட்டதும் பக்கத்து மண்ணிலும் நீரிலும் இருக்கும் ரசாயனம் ஆவியாகிச் சவ்வைக் கடந்து உள்ளே வரும். உள்ளே ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் நைட்ரஜன் அதை வாரிக்கொண்டு ராடுகளின் நடுத்துளை வழியே வரும் மெல்லிய குழாயில் மேலே வண்டிக்குக் கொண்டுவரும். அங்கே டிடெக்டர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒரு அடி இறக்கு, முக்கால் நிமிடம் நிறுத்து, மறுபடி ஒரு அடி. பார்க்கச் சலிப்பான வேலை. ஆனால் நாள் முடிவதற்குள் ஐந்தாறு இடத்தில் ஆழவாரியாகக் கோடு கிடைத்துவிடும். மண் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவுக்குக் காத்திருப்பதோடு ஒப்பிட்டால் இதன் லாபம் புரியும்: காலையில் கிடைத்த கோட்டைப் பார்த்து மதியம் எங்கே இறக்குவது என்று முடிவு செய்யலாம்.

டிடெக்டர்களைப் பற்றி விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். நம்மூரில் ஏமாறுவது இங்கேதான் நடக்கும். பிஐடி என்பது புற ஊதா விளக்கால் மூலக்கூறை அயனியாக்கிப் பார்ப்பது. வழக்கமாகப் போடும் விளக்கின் ஆற்றல் 10.6 எலெக்ட்ரான் வோல்ட். பென்சீனுக்கு 9.24 போதும் என்பதால் நன்றாகத் தெரியும், மீத்தேனுக்கு 12.6 வேண்டும் என்பதால் தெரியவே தெரியாது. எஃப்ஐடி என்பது ஹைட்ரஜன் சுடரில் எரித்துப் பார்ப்பது. அதற்குப் பெட்ரோலும் தெரியும், மீத்தேனும் தெரியும். மூன்றாவது, குளோரின் சேர்ந்த கரைப்பான்களை மட்டும் குறிவைத்துப் பிடிக்கும் வகை.

இப்போது நம் கடலோரத்தை நினைத்துப் பாருங்கள். காயலோரம் காலங்காலமாகக் கதம்பல் (தேங்காய் மட்டை) அழுகப்போட்ட குழிகள், அடியில் கறுப்புச் சேறு. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். இரண்டும் மீத்தேன் விடும். அங்கே புரோபை இறக்கினால் எஃப்ஐடி கோடு தென்னை உயரத்துக்கு எழும்பும். பக்கத்தில் பிஐடி கோடு அமைதியாகக் கிடந்தால் அது பெட்ரோல் இல்லை, அழுகல் வாயு. இன்னும் ஒரு சிக்கல் உண்டு. அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடை அயனியாக்க 10.45 போதும். அதனால் கதம்பல் குழிச் சேற்றில் பிஐடியும் லேசாகத் தலை தூக்கலாம். ஒரே டிடெக்டரோடு வந்து “இருக்கிறது” என்று சொல்பவரை நான் நம்பமாட்டேன். இரண்டு கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்த ஏமாற்று, எச்சம். கனத்த எண்ணெய் இருக்கும் அடுக்கைத் தாண்டிய பிறகும் சவ்விலும் குழாயிலும் வாடை ஒட்டிக்கொண்டிருக்கும். சுத்தமான மண்ணுக்குள் போன பிறகும் கோடு உடனே இறங்காமல் வாலாக நீளும். நாங்கள் ஒரு தளத்தில், ஊரைச் சொல்லவில்லை, இந்த வாலையும் சேர்த்து மாசு எட்டு மீட்டர் வரை போயிருக்கிறது என்று படம் வரைந்துவிட்டோம். பிறகு அதே இடத்தில் மண் மாதிரி எடுத்தால் ஐந்தாவது மீட்டருக்குக் கீழே ஒன்றுமே இல்லை. மூன்று மீட்டர் மண்ணை வீணாகத் தோண்டி அள்ள இருந்தார்கள். அன்றிலிருந்து கோடு ஏறும் இடத்தை நம்புவேன், இறங்கும் இடத்தைச் சந்தேகப்படுவேன். ஒவ்வொரு துளைக்கு முன்னும் பின்னும் தெரிந்த அளவு டொலுயினோ பென்சீனோ கலந்த நீரில் புரோபை முக்கிச் சோதிக்க வேண்டும் என்பது ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தர அமைப்பின் டி7352 நடைமுறையிலேயே வரும் விஷயம். அந்தச் சோதனைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் அந்தக் கோடுகளுக்கு மதிப்பில்லை.

எம்ஐபிக்கு நுண்ணிய அளவும் தெரியாது. பென்சீன் வகையில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் பக்கம் போனால்தான் அது சாதாரணமாக வாய் திறக்கும். குடிநீர் வரம்பு அதில் நூறில் ஒரு பங்கு. ஆகவே “புரோபில் ஒன்றும் தெரியவில்லை, தண்ணீரைக் குடிக்கலாம்” என்பது மகா தப்பு. மூலம் எங்கே என்று தேடத்தான் புரோப், குடிக்கலாமா என்பதற்கு ஆய்வகம்.

இன்னொரு வகை, லேசர் ஒளியில் பார்ப்பது. நுனியில் நீலமணிக் கண்ணாடி ஜன்னல், அதன் வழியே 308 நானோமீட்டர் புற ஊதா லேசர். எண்ணெயில் இருக்கும் சில வளையச் சேர்மங்கள் அந்த ஒளி பட்டால் மின்மினி மாதிரி திருப்பி ஒளிரும். விநாடிக்கு இரண்டு சென்டிமீட்டர் வேகத்தில் நிறுத்தாமல் இறக்கலாம். பத்து மீட்டருக்குப் பத்து நிமிடம் கூட ஆகாது. இதில் எனக்குப் பிடித்தது, ஒளிரும் விதத்தை வைத்துப் பெட்ரோலா டீசலா மண்ணெண்ணெயா என்று ஓரளவு பிரித்துச் சொல்லலாம் என்பது. உங்கள் விஷயத்தில் அது முக்கியம். எல்லோரும் மூடிய பங்கைத்தான் கை காட்டுவார்கள். ஆனால் வள்ளத்துக்கு அவுட்போர்டு என்ஜின் போட்ட காலத்திலிருந்து நம் கடற்கரையில் மண்ணெண்ணெய் பீப்பாய் இல்லாத தெரு உண்டா? துருப்பிடித்த ஒரு பீப்பாய் அடியில் கசிந்தாலும் உங்கள் கிணறு நாறும். பட்டறையில் கொட்டிய டீசலாகவும் இருக்கலாம். பங்க்காரரோடு சண்டைக்குப் போகும் முன் அது என்ன எண்ணெய் என்று தெரிய வேண்டும்.

லேசருக்கும் ஊனம் உண்டு. எண்ணெயாகவே இருப்பதுதான் அதற்குத் தெரியும். நீரில் கரைந்துபோன பென்சீன் தெரியாது. சிப்பித் தூள் நிறைந்த மணலும் அழுகிய தாவரமும் தாமே ஒளிர்ந்து எண்ணெய் மாதிரி நடிக்கும். கடற்கரை மணலில் சிப்பிக்கா பஞ்சம்?

கன உலோகத்துக்கு இந்த இரண்டுமே ஆகாது. ராணிப்பேட்டைக் குரோமியம், கொடைக்கானல் பாதரசம் போன்றவற்றுக்கு மண்ணையும் நீரையும் எடுத்துச் சோதிப்பதே வழி.

இனி நம் மண். கன்னியாகுமரி மாவட்டத்தில் பெரும்பகுதிக்கு அடியில் சார்னகைட்டும் நைஸும்தான், கெட்டிப் பாறை. அதன் மேல் சிதைந்த மண் ஓரிடத்தில் கனமாகவும் பத்தடி தள்ளி மெலிதாகவும் கிடக்கும். சார்னகைட் வெங்காயம் உரிவது மாதிரி அடுக்கடுக்காகச் சிதைவது. வெளித்தோல் மண்ணாகிவிடும், நடுவில் உருண்டைப் பாறை அப்படியே நிற்கும். தக்கலை, குலசேகரம், பூதப்பாண்டி பக்கம் கிணறு வெட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். புரோப் அந்த உருண்டையில் முட்டி நின்றால் ஆபரேட்டர் “பாறை வந்துவிட்டது” என்று எழுதிவிடுவார். ஒரு மீட்டர் தள்ளி இறக்கினால் இன்னும் நாலு மீட்டர் போகும். பாறை வெடிப்புக்குள் எண்ணெய் போய்விட்டால் இந்தக் கருவியால் பின்தொடரவும் முடியாது. விளவங்கோடு பக்கத்து வெட்டுக்கல் பூமியில் மேல் ஓடு கெட்டி. சில இடத்தில் சுத்தியல் உடைத்துக்கொண்டு போகும், சில இடத்தில் ராடு வளைந்துதான் மிச்சம்.

உங்கள் பக்கம் கதையே வேறு. குளச்சல், மணவாளக்குறிச்சி கரையோர மணல், பழையாற்று வண்டல், முட்டம் பக்கத்துச் செம்மண் மேடு எல்லாம் கம்பிக்கு ஏற்ற இடம். நீர்மட்டமும் மேலேயே கிடக்கும். ஆனால் ஒரு விஷயம். புரோபோடு சேர்த்து மண்ணின் மின்கடத்தும் திறனையும் அளப்பார்கள்: களிமண் என்றால் கோடு ஏறும், மணல் என்றால் இறங்கும். களி அடுக்கு எங்கே என்று தெரிந்தால் எண்ணெய் எங்கே தேங்கும் என்று ஊகிக்கலாம். கடலோரத்தில் உவர்நீர் புகுந்த மணலும் களிமண் மாதிரியே கோட்டை ஏற்றிவிடும். பாலைவனக் கடற்கரையில் இதில் நானே ஏமாந்திருக்கிறேன். நீரைப் பீய்ச்சி மண் எவ்வளவு எதிர்க்கிறது என்று அளக்கும் எச்பிடி என்ற இணைப்பும் இருந்தால் குழப்பம் தீரும். மணலானால் உப்பாக இருந்தாலும் நீர் சுலபமாகப் போகும், களியானால் அழுத்தம் ஏறும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, வண்டியை நாளைக்கே கூப்பிடாதீர்கள் என்றுதான் சொல்வேன். அதை வெளியூரிலிருந்து கொண்டுவரும் செலவே பெரிது. தனி வீட்டுக்காரர் தாங்கவேண்டிய செலவும் அல்ல அது. முதலில் கிணற்று நீரைச் சோதியுங்கள். குடிநீருக்கு வழக்கமாகப் பார்க்கும் உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட், கிருமிச் சோதனைகளில் பெட்ரோல் அகப்படாது. பிடெக்ஸ், அதாவது பென்சீன், டொலுயின், எத்தில்பென்சீன், சைலீன் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்துப் பஸ்ஸில் கொண்டுபோனால் பாதி பறந்துவிடும். ஆய்வகமே தரும் 40 மில்லி கண்ணாடிக் குப்பியில், ஒரு குமிழிகூட இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். மூடிய பிறகு தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டிப் பாருங்கள், குமிழி ஓடினால் மறுபடி பிடியுங்கள்.

அப்புறம் தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். அக்கம்பக்கத்தில் முக்கோணமாக அமைந்த மூன்று கிணறுகள் போதும். கொத்தனார்கள் வைத்திருக்கும் ட்யூப் லெவலால் மூன்று கிணற்று விளிம்பையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து நீர்மட்டம் எத்தனை அடி கீழே என்று ஒரே நாள் காலையில், மோட்டார் போடும் முன் அளந்துவிடுங்கள். எந்தக் கிணற்றில் மட்டம் உயரமோ அங்கிருந்துதான் மற்றதுக்கு ஓட்டம். பொதுவாகக் கடலைப் பார்த்துப் போகும். பக்கத்தில் யாராவது பெரிய மோட்டார் வைத்து இறைத்தால் திசையே மாறிவிடும். பங்க் இருக்கும் வடக்கில் நீர்மட்டம் உயரமாக இல்லை என்றால் சந்தேகத்தை வேறு பக்கம் திருப்ப வேண்டியிருக்கும். “இறைத்து இறைத்து வாடையைப் போக்குகிறேன்” என்று நீங்களும் மோட்டாரை ஓட்டாதீர்கள். எண்ணெயை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்வீர்கள்.

மூன்றாவது, கை ஆகர், அதாவது கையால் திருகி மண் எடுக்கும் துளைக்கருவி. நம் மணலில் இரண்டு ஆள் திருகினாலே நீர்மட்டம் வரை போய்விடலாம். அரை மீட்டருக்கு ஒரு பிடி மண்ணை ஜிப் கவரில் பாதி போட்டுக் கட்டி, பத்து நிமிடம் வெயிலில் வைத்துக் கையடக்கப் பிஐடி மீட்டரின் மூக்கை உள்ளே விட்டால் எந்த ஆழத்தில் வாடை கூடுகிறது என்று தெரியும். மழைக்குப் பிறகு மட்டும் வாடை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? எண்ணெய் நீரின் மேல் மிதக்கும். கோடையில் மட்டம் இறங்கும்போது அதுவும் கூட இறங்கி வழியில் உள்ள மணலிலெல்லாம் பூசிக்கொண்டே போகும். மழையில் மட்டம் ஏறும்போது பூசிய எண்ணெய் மறுபடி நீரில் கழன்று வரும். நமக்கு இடவப்பாதி, ஐப்பசி என்று வருடத்துக்கு இரண்டு முறை மட்டம் ஏறி இறங்குவதால் இந்தப் பூச்சு அகலமாகவே இருக்கும். ஆகவே ஆகர் மண்ணை நீர்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டரிலிருந்தே முகர்ந்து பாருங்கள்.

இந்த மூன்றிலும் சந்தேகம் உறுதிப்பட்டால் புரோப் கேட்க உங்களுக்கு ஒரு வலு வந்துவிடும். கேட்கவேண்டிய இடம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மாவட்ட ஆட்சியரும். மாசுபட்ட நிலங்களுக்கென்றே மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகள் கொண்டுவந்தது. அதன்படி சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும், முதற்கட்ட ஆய்வை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், மாசு உறுதியானால் செலவு மாசுபடுத்தியவர் தலையில். கதிரியக்கக் கழிவும் சுரங்கமும் இந்த விதிக்குள் வராது. கதிரியக்கத் தாது கலந்த மணவாளக்குறிச்சி மணல் அள்ளும் விஷயத்தையும் இதே மனுவில் சேர்த்துவிடலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், மனு அங்கேயே படுத்துவிடும்.

வண்டி வரும் நாளில் கூடவே நில்லுங்கள். முதல் ஒன்றரை மீட்டரைக் கையால்தான் தோண்டச் சொல்லுங்கள். குடிநீர்க் குழாயும் மின்கேபிளும் எந்த வரைபடத்திலும் இருக்கிற இடத்தில் இருப்பதில்லை. முதல் துளை சந்தேகமே இல்லாத சுத்தமான இடத்தில் இருக்கட்டும்: உங்கள் ஊர் மண்ணின் சாதாரணக் கோடு எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் மற்றதைப் படிக்க முடியும். கோடு எகிறிய இடத்தில் இரண்டிலும், அமைதியாகக் கிடந்த இடத்தில் ஒன்றிலுமாவது மண்ணும் நீரும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். ராடை உருவியதும் ஒவ்வொரு துளையையும் பென்டோனைட் என்ற ஊறி உப்பும் களிமண் கரைசலால் அடியிலிருந்து மேல்வரை அடைக்க வேண்டும். மணலைத் தள்ளி மிதித்துவிட்டுப் போனால், மேலே தேங்கிய எண்ணெய் கீழே நல்ல நீருக்கு இறங்க நாமே ஓட்டை போட்டுக் கொடுத்தது மாதிரி ஆகிவிடும். சாயங்காலம் எல்லோரும் கிளம்பும் அவசரத்தில் இதைத்தான் விட்டுவிடுவார்கள். கடைசித் துளை அடைபடும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.